நீளத் தொட்டி இருந்த இடம்

1

இந்தக் கதை ஒரு கட்டுரையாகத்தான் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் எங்காவது கட்டுரை வாடை அடித்தால் என்னைத் திட்டாதீர்கள்.

தென் கொரியாவில் தேஜோன் நகரத்து ஆய்வு நிறுவனம் ஒன்றில் நான் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். பெயர் வேண்டாம், பாதி நிறுவனம் நான் இட்டுக்கட்டியது. நான் விஞ்ஞானி இல்லை, விஞ்ஞானிகள் எழுதும் ஆங்கிலத்தைத் திருத்துகிறவன். புதுக் கட்டடத்துக்குக் குடிபோய் ஒரு வருடம் ஆனதைக் கொண்டாட மலர் போட்டார்கள். ஆய்வகத்தின் அமைப்பு ஆய்வாளர்களின் பேச்சுவார்த்தையை எப்படிப் பாதிக்கிறது என்று நாலு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். எழுத உட்கார்ந்தேன்.

"ஒரு நிறுவனத்தின் சுவர்கள் எங்கே நிற்கின்றன என்பதைப் பொறுத்தே அங்கே அறிவானது எந்தத் திசையில்

இந்த வாக்கியத்தை இப்படியே விட்டுவிட்டேன். முடித்திருந்தால் மலரில் வந்திருக்கும், யாரும் படித்திருக்க மாட்டார்கள். உண்மையைச் சொன்னால் அப்போது என் மனதில் சுவர் எதுவும் இல்லை. ஒரு தண்ணீர்த் தொட்டிதான் இருந்தது.

கல்யாண மண்டபத்தில் சாப்பாட்டுக் கூடத்தை ஒட்டிக் கை கழுவ ஒரு நீளத் தொட்டி இருக்குமே, வரிசையாகக் குழாய் வைத்து, அந்த மாதிரி. பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடி நடைவழியில் இருந்தது. அந்தக் கட்டடம் ஒரு காலத்தில் பயிற்சிப் பள்ளியாம். அதன் மிச்சம் இது. தொட்டியின் நீளத்துக்கு மேலே ஒரு கண்ணாடி. இந்தப் பக்கம் படலம் செய்கிறவர்களின் ஆய்வகம், அந்தப் பக்கம் அதை அளந்து பார்க்கிறவர்களின் ஆய்வகம். மதியச் சாப்பாடு முடிந்ததும் இரண்டு பக்கத்து ஆட்களும் ஆளுக்கொரு கோப்பையில் பிரஷ்ஷும் பேஸ்ட்டுமாக வந்து நிற்பார்கள். பூண்டும் கிம்ச்சியும் மிளகாய்த்தூளுமாகச் சாப்பிட்டுவிட்டுப் பல் தேய்க்காமல் இங்கே யாரும் இருக்கைக்குத் திரும்ப மாட்டார்கள். இப்போது நானும் அப்படித்தான். ஊருக்குப் போனால் மத்தியானம் பிரஷ்ஷைத் தேடுகிறேன் என்று என் தங்கை சிரிக்கிறாள்.

(அடிக்குறிப்பாகப் போட வேண்டியது, சோம்பலில் இங்கேயே: படலம் என்பது ஹைட்ரஜனில் ஓடும் வண்டிக்குள் வைக்கிற மெல்லிய சவ்வு. வெங்காயத் தோல் மாதிரி இருக்கும். ஈரம் போனால் சுருண்டுவிடும். இந்தக் கதைக்கு இவ்வளவு விஞ்ஞானம் போதும், ஆனால் இதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.)

2

ஓக் மிரானை எப்படி உள்ளே கொண்டுவருவது என்று ரொம்பத் திண்டாடினேன். மூன்று தொடக்கம் எழுதினேன்.

முதலாவது: "ஓக் மிரான் வாழ்க்கையில் முதல் முறையாகப் பல் தேய்ப்பதை நினைத்து வெட்கப்பட்டாள்." நன்றாக இருக்கிறது. ஆனால் கதையில் நடுவில் வர வேண்டியதை வாசலிலேயே போட்டு உடைக்கிறது.

இரண்டாவது: "மழை பெய்துகொண்டிருந்தது." மழைக்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தமே இல்லை. சொல்லப்போனால் இந்தக் கதைக்கு நல்ல வெயில் வேண்டும். அடித்துவிட்டேன்.

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன். அது ஒரு கூட்டத்தில் தொடங்குகிறது.

புதுக் கட்டடம் கட்டுவதென்று முடிவானதும் மாடிக்கு ஒருவர் என்று குழுவுக்கு ஆள் எடுத்தார்கள். இரண்டாவது மாடிக்கு மிரான். படலக் குழுவின் தலைவி, நாற்பதைத் தாண்டியவள், வேகமாக நடப்பாள், அதைவிட வேகமாகப் பேசுவாள். ஆனால் வெளியாட்கள் முன்னால் பேச்சு பாதியாகிவிடும். அன்றைக்குத் தலைநகர் சோலிலிருந்து கட்டட வடிவமைப்பாளர் வந்திருந்தார். கறுப்புச் சட்டை, நல்ல மனுஷர். ஆட்கள் எதிர்பாராமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும், அப்போதுதான் புது யோசனை பிறக்கும் என்று அழகாகப் பேசினார். பேசிக்கொண்டே பழைய வரைபடத்தில் பென்சிலை வைத்தார்.

"டாக்டர், ரெண்டாவது மாடி நடைவழில நீளமா ஒண்ணு போட்டிருக்கே, இது என்னங்க?"

"அதுவா... தண்ணித் தொட்டிங்க."

"ஆய்வகத்துக்குத் தேவையானதா? ஏதாவது கழுவுறதுக்கு?"

எதிரே இயக்குநர் மோக் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இரண்டு பேராசிரியர்கள். டாக்டர் பட்டம் வாங்கிய இருபது முப்பது பேர் மத்தியானம் நடைவழியில் வரிசையாக நின்று வாய் கொப்பளித்துத் துப்புகிறோம் என்று சோல்காரரிடம் எப்படிச் சொல்வது? மிரானின் காது சிவந்தது.

"சும்மா, கை கழுவுறதுக்கு."

"புதுசுல மாடிக்கு மாடி ஆண்களுக்கு, பெண்களுக்குன்னு தனித்தனியா எல்லா வசதியும் வருது. இது வேணுமா?"

"வேணாங்க. அது பழைய காலத்துது."

பென்சில் ஒரு கோடு இழுத்தது. அவ்வளவுதான்.

(அங்கே என்ன நடக்கிறது என்று அவர் கேட்டிருந்தால் மிரான் சொல்லியிருப்பாளோ என்னவோ. இது என்ன என்றுதான் கேட்டார். வரைபடத்தைப் பார்த்துக் கேட்கிற எல்லோரும் அப்படித்தான் கேட்கிறார்கள். சரி, கட்டுரை வாடை. நிறுத்திக்கொள்கிறேன்.)

3

அங்கே என்ன நடந்தது என்று நான் சொல்கிறேன். அதற்கு ப்யோன் தேசிக் வேண்டும்.

அளவைக் குழுவின் தலைவர் தேசிக். மிரானைவிட ஐந்தாறு வயது மூத்தவர். இந்த ஆளைப் பற்றி எனக்குச் சந்தேகம் தீரவே இல்லை. முதல் படியில் சிடுமூஞ்சியாக எழுதினேன். கதைக்கு வசதியாக இருந்தது, அதனாலேயே பிடிக்கவில்லை. இரண்டாம் படியில் மனைவியை இழந்தவராக்கினேன். அந்த நிமிடமே நீங்கள் எல்லோரும் மிரானுக்கும் அவருக்கும் முடிச்சுப் போடப் பார்ப்பீர்கள் என்று தெரிந்தது. மனைவியை உயிரோடு கொண்டுவந்துவிட்டேன். அந்த அம்மா மருந்துக்கடை நடத்துகிறார், சௌக்கியமாக இருக்கிறார். கடை பெயர் போட்ட பச்சைப் பிளாஸ்டிக் கோப்பையில்தான் தேசிக் பிரஷ் வைத்திருப்பார்.

இந்த ஊரில் ஒரு வாக்கியம் பேசுவதற்குள் எதிரே இருப்பவரின் வயது, பதவி, சேர்ந்த வருடம் எல்லாவற்றையும் எடை போட வேண்டும். வாயில் நுரை இருந்தால் அதெல்லாம் முடியாது. பாதி வார்த்தை நுரையில் போய்விடும், மீதியைக் கண்ணாடியில் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். பக்கத்தில் நிற்பவரின் முகத்தை நேரே பார்க்க வேண்டியதில்லை. கண்ணாடியில் பார்த்தால் போதும். அதனால் எதையும் சொல்லலாம்.

"ஏம்ப்பா மிரான், நேத்து நீ குடுத்தது படலமா, சுட்ட கணவாய் மீனா? சுருண்டு கெடக்கு."

"உங்க ஆளுங்க மூடியத் தெறந்து வச்சிட்டு அரட்டை அடிச்சா சுருளாம என்ன பண்ணும் அண்ணே."

"எங்க ஆளுங்களா? நீ கேக்குற அளவையெல்லாம் பாத்துட்டுப் பேச்சு மூச்சு இல்லாமக் கெடக்குறானுங்க."

"சரி விடுங்க. சாயங்காலம் வேற தர்றேன். நானே கையில தூக்கிட்டு வர்றேன், போதுமா?"

"வா, வா. வழில தின்னுடாத."

பத்துப் பன்னிரண்டு வருடம் இப்படித்தான் போனது. ஒருநாள் தேசிக் வாய் கொப்பளித்துக்கொண்டே, ஈர அறையில் மறந்து விட்டுப்போன படலத் துண்டுகள் மற்றதைவிட நன்றாக வேலை செய்கின்றன என்று ஏதோ வம்பு பேசுவதுபோலச் சொன்னார். மிரான் மோவாயில் நுரை வழிய ஆய்வகத்துக்கு ஓடினாள். இரண்டு குழுவும் சேர்ந்து செய்யும் பெரிய திட்டம் அதிலிருந்துதான் பிறந்தது. அந்தத் திட்டத்துக்காகத்தான் புதுக் கட்டடத்துக்கே பணம் வந்தது என்று சொல்கிறவர்களும் உண்டு.

4

புதுக் கட்டடத்தைக் குறை சொல்ல மாட்டேன். குளிர் காலத்தில் கதகதப்பாக இருக்கிறது, கழிப்பறை பளபளக்கிறது.

அளக்கும் கருவிகளுக்கு அதிர்வு ஆகாது, அதனால் தேசிக் குழு தரைத்தளத்துக்குப் போனது. படலம் செய்யும் இடத்தில் ஆவி வெளியேற வேண்டும், அதனால் மிரான் குழு நாலாவது மாடிக்குப் போனது. யார் மேலும் தப்பில்லை. நடுவே பெரிய கூடம், தெற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி. அகலமான படிக்கட்டு, எழுதிப் பேச வெள்ளைப் பலகைகள், ஆரஞ்சு நிறச் சோபாக்கள். எல்லோரும் அங்கே உட்கார்ந்து பேச வேண்டும் என்பது ஏற்பாடு. இயக்குநர் மோக், நானும் உங்களில் ஒருவன் என்று காட்டுவதற்காகத் தன் அறைக்குக் கண்ணாடிச் சுவர் வைக்கச் சொல்லிக் கூடத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தார். நல்ல எண்ணம்தான். வேலை நேரத்தில் இயக்குநர் கண்ணெதிரே சோபாவில் சாய்ந்து உட்காரும் தைரியம் எவருக்கும் வரவில்லை. சோபாக்கள் இன்னும் கடையில் வாங்கியபோது இருந்த மாதிரியே இருக்கின்றன.

படிக்கட்டின் நடுத் திருப்பத்தில் ஒரு பலகைத் தட்டு வைத்தார்கள், மாதிரிகளை மாற்றிக்கொள்வதற்கு. மேலே இருப்பவர் பாதி தூரம் இறங்குவார், கீழே இருப்பவர் பாதி தூரம் ஏறுவார், நடுவில் சந்திப்பார்கள் என்று கணக்கு. என்ன நடந்தது என்றால், மேலே இருப்பவர் காலையில் பெட்டியை வைத்துவிட்டுப் போவார், கீழே இருப்பவர் சாப்பாட்டுக்குப் பிறகு வந்து எடுத்துக்கொண்டு போவார்.

குடிவந்த முதல் குளிர்காலத்தில் மிரானுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது.

"மதிப்பிற்குரிய முதுநிலை ஆய்வாளர் ஓக் மிரான் அவர்களுக்கு வணக்கம். குளிர் மிகுந்துவரும் இந்நாட்களில் தாங்கள் நலமாயிருப்பீர்கள் என நம்புகிறோம். தாங்கள் அனுப்பிய மாதிரிகள் சுருண்ட நிலையில் பெறப்பட்டமையால் அளவைக்கு ஏற்றவையாக இல்லை. தயாரிப்பு முறையை மறுபரிசீலனை செய்யுமாறு வேண்டுகிறோம். ப்யோன் தேசிக்."

அவளுடைய குழுவில் இருக்கும் பங் யுரி தோளுக்குப் பின்னால் வந்து எட்டிப் பார்த்தாள். யுரிக்கு வாய் நீளம், மனசு நல்லது.

"யார்க்கா இது, வக்கீல் நோட்டீஸ் மாதிரி?"

"ப்யோன் அண்ணன்தான்."

"வழில தின்னுடாதன்னு சொல்வாரே, அவரா?"

"இயக்குநருக்கு வேற நகல் போட்டிருக்காரு பாரு."

"அவரு போட்டாரா, அதுவாப் போச்சா? புதுசா வந்த மெயில்ல எல்லாத்துக்கும் தானா நகல் போகுதுன்னு சொன்னாங்களே."

"தானாப் போனாலும் எடுத்து விட்டிருக்கலாம்ல."

மிரானும் பதில் எழுதினாள். மதிப்பிற்குரிய, வணக்கம், குளிர், நலம் எல்லாம் போட்டு, படலங்கள் இங்கிருந்து தட்டையாகவே அனுப்பப்படுகின்றன, பெற்றுக்கொண்டபின் பெட்டியைத் திறந்து வைக்காதிருக்க வேண்டுகிறோம் என்று. அதுவும் இயக்குநருக்கு நகலோடு போனது. அடுத்த வாரம் மறுபடி சுருண்டது. மறுபடி வணக்கம் வந்தது.

"நேரா கீழ போயி ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துருங்கக்கா. இப்படியே போனா நல்லா இல்ல."

"என்ன சாக்குச் சொல்லிட்டுப் போறது?"

"சாக்கு எதுக்கு?"

"அங்கன்னா பல்லு தேய்க்கப் போனேன். இப்ப?"

ஒருநாள் போனாள். அளவைப் பகுதிக் கதவு அவளுடைய அட்டைக்குத் திறக்கவில்லை. பக்கத்தில் மணி இருந்தது. மணி அடித்தால் யார், எதற்காக என்று சின்னத் திரையில் கேட்கும். எதற்காக என்று மிரானுக்கே சொல்லத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு லிஃப்டில் ஏறிவிட்டாள்.

இயக்குநர் கூப்பிட்டனுப்பினார். வெளியாட்கள் வந்து திட்டத்தை மதிப்பிடும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. நகல்களை எல்லாம் படித்திருந்தார்.

"எனக்கு யாரு பக்கமும் இல்லம்மா. ரெண்டு பேரும் நல்லா வேலை செய்றவங்க. சேந்து செய்றதுதான் சரிப்படலைன்னு தெரியுது. பிரிச்சிடலாமே. நீங்க அளவைய வெளியில குடுத்து வாங்கிக்கங்க, அவரு வேற ஏதாவது அளக்கட்டும். வியாழக்கிழமை கூட்டத்துல சொல்லிடுறேன். என்ன சொல்றீங்க?"

"யோசிச்சுச் சொல்றேங்க."

கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்ததும் மிரானுக்கு அழுகை வந்தது. கூடத்தில் எங்கே நின்று அழுதாலும் இயக்குநருக்குத் தெரியும் என்பதால் மாடிக்குப் போய் அழுதாள். திட்டம் பிரிவதுகூட இரண்டாவதுதான். கண்ணாடியில் முகம் பார்த்துப் பேசிய மனுஷர் மதிப்பிற்குரியவர் ஆகிவிட்டாரே என்பதுதான் தாங்கவில்லை. அந்தப் பென்சில் கோடு ஞாபகம் வந்தது. வேணாங்க என்று சொன்ன வாய் இதுதான்.

5

இங்கே தேசிக்கின் பக்கத்தைத் தனியாக ஒரு பகுதியாக எழுதி வைத்திருந்தேன். திருப்பிப் படித்தபோதுதான் உறைத்தது. நானும் சோல்காரர் செய்ததையேதான் செய்திருக்கிறேன். மிரானை நாலில் வைத்து, தேசிக்கை ஐந்தில் வைத்து, நடுவே ஓர் எண்ணைச் சுவராக எழுப்பியிருக்கிறேன். இந்தக் கதை இதுவரை மிரானின் தோளுக்குப் பின்னால்தான் நின்றது. அவளுக்குத் திறக்காத கதவு எனக்கும் திறக்கக் கூடாது என்பது முறை. முறையை ஒரு தடவை மீறுகிறேன். எண்ணை விட்டுவைத்திருக்கிறேன், சுவர் இல்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

கீழே நடந்தது இது. தேசிக் ஒருநாள் தானே போய்ப் பெட்டியை எடுத்தார். பெட்டி வெதுவெதுப்பாக இருந்தது. சூடு ஆறுவதற்குள் மூடி அனுப்பிவிடுகிறார்கள் போலிருக்கிறது, அப்படி என்ன அவசரம் என்று நினைத்துக்கொண்டார். மிரானுக்கு எழுத உட்கார்ந்தார். முதலில் எழுதியது இது:

"மிரான், டப்பா சூடா இருக்கு. என்ன விஷயம்?"

அனுப்பப் போகும்போது பக்கத்தில் இயக்குநரின் பெயர் தானாக வந்து நின்றது. இயக்குநர் படிக்கிற கடிதத்தில் ஒரு குழுத் தலைவியை மொட்டையாக மிரான் என்பதா? டப்பா என்பதா? அழித்தார். வணக்கம் சேர்த்தார், குளிர் சேர்த்தார். மரியாதை ஒவ்வொன்றாக உள்ளே வர வர, சூடாக இருந்த விஷயம் வெளியே போய்விட்டது.

"நேர்ல போயிக் கேக்க வேண்டியதுதான?" என்றார் மருந்துக்கடை அம்மா, இரவுச் சாப்பாட்டில்.

"என்ன சாக்குச் சொல்லிட்டுப் போறது?" என்றார் தேசிக்.

6

இனி நான் கதைக்குள் வர வேண்டியிருக்கிறது. சின்ன வேஷம்தான்.

மத்தியானம் எல்லோரும் சாப்பாட்டுக்கூடத்துக்குப் போய்விடுவார்கள், இயக்குநர் உட்பட. நான் எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு வருகிறவன். அதனால் கூடத்து ஆரஞ்சு சோபாவில் உட்காரும் ஒரே ஆள் நான்தான். அந்த நேரத்தில் தெற்குக் கண்ணாடி வழியாகக் குளிர்கால வெயில் சாய்ந்து உள்ளே வரும். சோபாவுக்கு வராது. நேராகப் படிக்கட்டுத் திருப்பத்துக்குப் போய் அந்தத் தட்டின் மேல் ஏறி உட்காரும். அவர்கள் சாப்பிட்டுத் திரும்புவதற்குள் விலகியும் விடும். வெயிலுக்கு அது எப்படித் தெரிகிறது என்று நான் வியந்ததுண்டு. தட்டின் மேல் மிரானின் பெட்டி இருக்கும்.

சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொல்லலாம். மேலே ஒரு வார்த்தை, கீழே ஒரு வார்த்தை. பெட்டியை நகர்த்துவார்கள், படலம் தட்டையாகப் போய்ச் சேரும். அப்புறம்? அடுத்த தடவை வேறு ஏதாவது சுருளும்போது மறுபடி இரண்டு வணக்கம் பறக்கும், நான் மறுபடி எலுமிச்சைச் சாதத்தோடு அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும். எனக்கும் ஊர் இருக்கிறது.

அதனால் வேறு காரியம் செய்தேன். கதை எழுதுகிறவனுக்குக் கட்டடத்தின் குழாய் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. புதன்கிழமை மத்தியானம், வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு முதல்நாள், தண்ணீரை நிறுத்திவிட்டேன்.

(ரொம்ப வசதியாக இருக்கிறதே என்று முகம் சுளிக்கிறவர்களுக்கு: மேல்தொட்டியைக் கழுவுவதற்காக இங்கே எல்லாக் கட்டடத்திலும் அவ்வப்போது தண்ணீர் நிற்கும். லிஃப்டில் அறிவிப்பு ஒட்டுவார்கள், யாரும் படிக்க மாட்டார்கள். நான் செய்ததெல்லாம் நாளைத் தேர்ந்தெடுத்ததுதான்.)

அன்றைக்குச் சாப்பாட்டில் காரக் குழம்பில் தோஃபு, கூடவே பச்சைப் பூண்டுத்தாள் வதக்கல். அதைச் சாப்பிட்டுவிட்டுப் பல் தேய்க்காமல் இருப்பது நடக்காத காரியம். எந்த மாடியிலும் குழாய் திறந்தால் காற்றுதான் வந்தது. காவல்காரர் சொல்லித்தான் தெரிந்தது, அடித்தளத்தில் சாமான் இறக்கும் வாசல் பக்கம் ஒரு தொட்டிக்கு மட்டும் தெருத் தண்ணீர் நேரே வருகிறதாம். துடைப்பம் அலசுவதற்குச் சுவரோரம் நீளமாகக் கட்டியது. அதை வரைபடத்திலிருந்து அடிக்க யாருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் அதைப் பற்றி யாரும் யாரிடமும் கேட்கவில்லை.

கோப்பையும் கையுமாகப் படியிறங்கி வந்தார்கள். முதலில் கொஞ்சம் கூச்சம். பிறகு ஒருவர் குழாயைத் திறந்தார், இன்னொருவர் பக்கத்தில் போய் நின்றார். யுரி முழங்கையால் இடித்துக்கொண்டு நடுவில் நுழைந்தாள். சற்று நேரத்தில் வரிசை ஏறக்குறைய நிறைந்துவிட்டது. அப்படி ஒரு இரைச்சல் இந்தக் கட்டடத்தில் ஒரு வருடமாகக் கேட்டதில்லை. இயக்குநர் மோக் கூட சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்தார்.

"மொத்தக் கட்டடத்துலயும் இங்கதான்யா கூட்டமா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பேஸ்ட்டைப் பிதுக்கினார்.

மிரான் கடைசியிலிருந்து மூன்றாவது குழாயில் நின்றாள். தேய்க்க ஆரம்பித்து வாய் நிறைய நுரை வந்தபிறகு, ஒரு குழாய் தள்ளி, சுவர் பக்கம் இருந்த கடைசிக் குழாயின் திண்டில் ஒரு பச்சைப் பிளாஸ்டிக் கோப்பை வந்து உட்கார்ந்தது. மேலே மருந்துக்கடை பெயர்.

அவள் எதிரே பார்த்தாள். பழக்க தோஷம். அங்கே கண்ணாடி இல்லை, வெறும் சிமென்ட் சுவர். பழைய இடத்தில் கழுத்தைத் திருப்பாமலே எல்லாம் பேசிவிடலாம். இங்கே முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் திரும்பித்தான் ஆக வேண்டும். திரும்பினால் பேச வேண்டும். மிரான் சுவரைப் பார்த்தபடி, தேய்த்த பல்லையே திரும்பத் திரும்பத் தேய்த்தாள்.

பக்கத்தில் பிரஷ் சத்தம் நின்றது.

"ழப்பா ஷூழா இழுக்கு" என்றார் தேசிக், சுவரைப் பார்த்து.

7

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில், மிரானுக்குப் புரிந்துவிடுகிறது. பத்துப் பன்னிரண்டு வருடம் கேட்ட பாஷை அல்லவா. சூடா? நாங்க ஆற வச்சுத்தானே அனுப்புறோம் என்று அவள் நுரையோடு கத்த, இருவரும் கோப்பையைப் போட்டுவிட்டுப் படியேறி ஓடுகிறார்கள். வெயில் விலகிவிட்டது, ஆனால் தட்டில் கை வைத்தால் இன்னும் சூடு இருக்கிறது. எழுதும்போது எனக்கே சந்தோஷமாக இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கிழித்துவிட்டேன். நான் ஓட வைத்தால் அவர்கள் என் கால்களால் ஓடியதாகிவிடும்.

இன்னொன்றில், அவளுக்குப் புரியவில்லை. அவர் எதற்காகவோ இருமினார் என்று நினைக்கிறாள். தண்ணீர் திரும்ப வந்துவிடுகிறது. வியாழக்கிழமை திட்டம் பிரிகிறது. படலங்கள் குளிர்பெட்டியில் வெளியூர் போகின்றன, தட்டையாகப் போய் நல்ல அளவுகளோடு திரும்பி வருகின்றன. எல்லோரும் கை தட்டுகிறார்கள். மிரான் மட்டும் மத்தியானங்களில் நாலாவது மாடிக் கழிப்பறையில் தனியாகப் பல் தேய்க்கிறாள். இந்த முடிவில் ஒரு பிழையும் இல்லை, எல்லாம் பொருந்துகிறது. அதனால்தான் அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

மூன்றாவதில் சோல்காரர் மனம் திருந்தி

வேண்டாம். அவர் பாட்டுக்கு நன்றாக இருக்கட்டும்.

ஆகவே இங்கே நிறுத்துகிறேன். இரண்டு பேர் வாயிலும் நுரை. மிரானின் கழுத்து கொஞ்சம் திரும்பியிருக்கிறது, முழுக்கத் திரும்பவில்லை. பேச வேண்டுமென்றால் யாராவது ஒருவர் முதலில் துப்ப வேண்டும். பெட்டி தட்டையான படலத்தோடு போனது அவளுக்குத் தெரியும். அது சூடாக வந்தது அவருக்குத் தெரியும். நடுவில் வெயில் வந்து உட்கார்ந்துவிட்டுப் போனது என்னைத் தவிர உங்களுக்கு மட்டும்தான் தெரியும். மலருக்கு நான் கட்டுரை தரவில்லை, அதனால் இங்கே வேறு யாருக்கும் தெரிய வழியில்லை.

அவர்கள் இருவருக்கும் நடுவே ஒரு குழாய் காலியாக இருக்கிறது. உங்கள் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு வாருங்கள்.